உணவகத்தில் மீன் கேட்கும் முன்: கடல் தாங்கும் உணவைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மீன் சந்தையில் நிற்பவருக்குக் கண், செவுள், செதில், அளவு என எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. பிடித்தவரோ, பிடித்தவரிடமிருந்து வாங்கியவரோ எதிரிலேயே நிற்கிறார். உணவகத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைப்பது தலையும் தோலும் நீங்கிய ஒரு துண்டும், உணவுப் பட்டியலில் அச்சான ஒற்றைச் சொல்லும்தான். அந்தச் சொல்லை மட்டும் நம்பி நல்ல முடிவெடுக்க இயலாது. எதைக் கேட்க வேண்டும், கிடைக்கும் பதிலை எப்படி எடைபோட வேண்டும், பதிலே கிடைக்காதபோது எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவற்றை இந்த வழிகாட்டி வரிசையாக விளக்குகிறது.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு ஆராய்ந்த கடல் மீன்வளங்களில், இனம் பெருகும் வேகத்தை மீறிப் பிடிக்கப்பட்டவை 1974-இல் 10 விழுக்காடு அளவில் இருந்தன. 2025-இல் அந்த அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டில் அது 35.5 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. இதே கணக்கை மறுபக்கமாகப் படித்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீன்வளங்கள் இன்னும் தாங்கும் அளவிலேயே பிடிக்கப்படுகின்றன. ஆகவே, மீன் உண்பதையே விட்டுவிட வேண்டும் என்று கடல் நம்மைக் கேட்கவில்லை. அந்த மூன்றில் இரண்டு பங்கிலிருந்து எடுத்து உண்ணும் வழி நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பலரும் எதிர்பார்ப்பது நல்ல மீன், கெட்ட மீன் என்ற பெயர்ப் பட்டியலை. அப்படியொரு பட்டியல் நெடுநாள் நிலைக்காது. ஒரே இனம் ஒரு கடலில் செழித்தும் மற்றொரு கடலில் அழிந்தும் இருக்கும். ஒரே கடலில் தூண்டிலில் வந்த மீனும், படகு பின்னால் இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியில் வந்த மீனும் கடலுக்கு இருவேறு விலை வைக்கின்றன. எந்த இனம், எந்தக் கடல், எந்த முறை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

முதல் படி: கிளம்பும் முன் பத்து நிமிடம்

நீங்கள் உணவகங்களில் வழக்கமாக எவற்றைக் கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு இனங்களுக்கு மேல் தேறாது. அந்த ஐந்தாறைப் பற்றி மட்டும் அறிந்துகொள்வது போதுமானது. அமெரிக்காவின் மான்டரே பே அக்வேரியம் 1999-இல் தொடங்கிய 'சீஃபுட் வாட்ச்' பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிறங்களில் மீன்களைத் தரம் பிரிக்கிறது. பிரிட்டனின் கடல் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் 'குட் ஃபிஷ் கைடு' 1 (சிறந்தது) முதல் 5 (தவிர்க்க வேண்டியது) வரை எண் தருகிறது. இவற்றில் ஓர் இனத்தின் பெயரைத் தேடினால், பிடித்த இடமும் முறையும் மாறமாற அதே இனம் பச்சையிலிருந்து சிவப்பு வரை பல வரிகளில் வருவதைக் காணலாம். அந்த வேறுபாட்டை ஒருமுறை கண்டவருக்கு, உணவகத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். நீங்கள் வாழும் நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் உண்டென்றால் அந்த மாதங்களையும் குறித்துக்கொள்வது நல்லது. தடைக்காலத்தின் நடுவே 'இன்று பிடித்தது' என்று பரிமாறப்படும் மீன் எங்கிருந்து வந்தது என்பது கேட்கத் தகுந்த கேள்வியே.

பழைய பட்டியல்களை மட்டும் பையில் வைத்திருக்க வேண்டாம். அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை நீண்ட காலம் அழிவின் அடையாளமாகவே பேசப்பட்டது. பிடிப்பு அளவு கடுமையாகக் குறைக்கப்பட்டதன் பயனாக அது தேறி வந்தது. 2021-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவாபத்துப் பிரிவிலிருந்து எடுத்துக் குறைந்த கவலைக்குரிய பிரிவில் வைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த தென்கடல் நீலத்துடுப்புச் சூரை அப்போதும் அழிவாபத்துப் பிரிவிலேயே இருந்தது. பட்டியலில் 'நீலத்துடுப்புச் சூரை' என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டில் எது தட்டில் இருக்கிறது என்பது தெரியாது.

இரண்டாம் படி: உணவுப் பட்டியலைச் சந்தேகத்தோடு படித்தல்

'வெள்ளை மீன்', 'இன்றைய மீன்', 'கடல் விருந்து' போன்ற சொற்கள் எந்த இனத்தையும் குறிப்பதில்லை. சமையலறைக்கு இவற்றால் வசதி உண்டு. அன்றைக்கு மலிவாகக் கிடைத்தது எதுவோ அதுவே தட்டுக்கு வரும். 'புதியது', 'இயற்கையானது' என்பவை சுவையைப் பற்றிய சொற்கள், கடலைப் பற்றியவை அல்ல. 'நிலைத்தகு மீன்' என்ற சொல்லைக்கூட, யார் எந்த அளவுகோலால் அப்படி மதிப்பிட்டார்கள் என்ற குறிப்பு இல்லாத வரை, வெறும் அலங்காரமாகவே கொள்ள வேண்டும்.

சில பெயர்கள் விற்பனைக்கென்றே சூட்டப்பட்டவை. தென்முனைக் கடல்களின் ஆழத்தில் வாழும் படகோனியன் டூத்ஃபிஷ் என்ற மீனுக்கு, 1977-இல் லீ லான்ட்ஸ் என்ற அமெரிக்க மீன் வணிகர் 'சிலியன் சீபாஸ்' என்று பெயரிட்டார். அது உண்மையில் சீபாஸ் இனமே அன்று. 'ஆரஞ்சு ரஃபி' என்று அழகாக அழைக்கப்படும் மீனின் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பழைய பெயர் 'கோழைத் தலை' என்று பொருள்படுவது. அந்த மீன் நூறாண்டுக்கு மேல் வாழக்கூடியது. முட்டையிடும் பருவத்தை எட்டவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு மேசைக்கு வரும் துண்டு, உண்பவரின் பாட்டனைவிட மூத்ததாக இருக்கலாம். இத்தனை மெதுவாக வளரும் ஓர் உயிரைக் கூட்டமாக வாரி எடுத்தால் ஈடு செய்ய ஒரு தலைமுறை போதாது.

பெயர் மாறாட்டமும் உண்டு. கடல் பாதுகாப்புக்காக இயங்கும் ஓசியானா அமைப்பு அமெரிக்காவின் 21 மாநிலங்களில் 1,215 மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒன்று தவறான பெயரில் விற்கப்பட்டது தெரியவந்தது. தலையோடும் தோலோடும் வரும் முழு மீனில் இந்த மோசடி எளிதன்று. ஐயம் இருக்கும் இடத்தில் துண்டைவிட முழு மீனைக் கேட்பது அதனால்தான் நல்லது.

மூன்றாம் படி: கேட்பது

கேள்வி குறுக்கு விசாரணையாக இருக்கக் கூடாது. பரிமாறுபவர் பட்டியலை எழுதியவரும் அல்லர், மீனை வாங்கியவரும் அல்லர். கூட்டம் மிகுந்த நேரத்தில் அவரைத் திணறடிப்பதால் ஒன்றும் விளையாது; 'சமையலறையில் கேட்டுச் சொல்ல இயலுமா' என்று கேட்பதே உரிய முறை. முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் கேட்டுவிடுவது அதைவிடவும் எளிது, ஏனெனில் வாங்குவதற்குப் பொறுப்பானவரிடம் கேள்வி போய்ச் சேர அப்போது நேரம் இருக்கிறது.

கேட்க வேண்டியவை மூன்று. இது துல்லியமாக எந்த மீன்? எந்தக் கடலில் பிடித்தது, அல்லது எங்கே வளர்த்தது? எந்த வலையில் அல்லது எந்தத் தூண்டிலில் பிடித்தது, அல்லது எந்த முறையில் வளர்த்தது? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், அந்தச் சமையலறை வாங்கும் இடத்திலேயே கவனமாக இருக்கிறது என்று பொருள். 'தெரியவில்லை' என்பதும் நேர்மையான பதிலே. அப்போது கீழே ஏழாம் படியில் சொல்லியிருப்பதைப் பின்பற்றலாம். என் அனுபவத்தில் மிகவும் ஐயத்துக்குரியது, 'எங்களிடம் எல்லாமே நல்ல மீன்தான்' என்ற உற்சாகமான பதில்.

நான்காம் படி: பிடித்த முறையை எடைபோடுதல்

மூன்று கேள்விகளில் கடைசிதான் மிகுதியாகப் பேசுகிறது. ஆனால் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் அதுவே. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கைத்தூண்டிலிலும் கழித்தூண்டிலிலும் ஒரு நேரத்தில் ஒரு மீன் மட்டுமே மேலே வருகிறது. வேண்டாதது வந்தால் உயிரோடு திருப்பி விட முடியும், கடலடியும் தொடப்படுவதில்லை. மாலத்தீவின் சூரை மீன்பிடிப்பு இம்முறைக்குப் பெயர் பெற்றது. ஆனால் 'தூண்டிலில் பிடித்தது' என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. ஆயிரங்கால் தூண்டில் எனப்படும் நீள்கயிற்றுத் தூண்டிலும் தூண்டில்தான். பல கிலோமீட்டர் நீளும் அந்தக் கயிற்றில் தொங்கும் ஆயிரக்கணக்கான கொக்கிகளில் சுறாக்களும் கடலாமைகளும் ஆல்பட்ராஸ் பறவைகளும் சிக்குகின்றன. ஆகவே ஒற்றைத் தூண்டிலா, நீள்கயிறா என்று மேலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

சுருக்கு மடி மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிப்பது. மத்தி, நெத்திலி போன்ற ஓரினக் கூட்டங்களைப் பிடிக்கையில் வேறு உயிர்கள் அதிகம் சிக்குவதில்லை, எரிபொருளும் குறைவாகவே செலவாகிறது. அதே மடியை, மீன்களை ஈர்ப்பதற்கென்றே கடலில் விடப்படும் மிதவைகளைச் சுற்றி இட்டால் கதை மாறிவிடும்: ஸ்கிப்ஜாக் என்னும் சிறு சூரையோடு, இன்னும் முட்டையிடாத மஞ்சள் துடுப்புச் சூரைக் குஞ்சுகளும் பெருங்கண் சூரைக் குஞ்சுகளும் சுறாக்களும் சேர்ந்து வருகின்றன. டப்பாவில் அடைத்த சூரையின்மேல் காணப்படும் 'டால்பினுக்குத் தீங்கற்றது' என்ற முத்திரை டால்பினைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

செவுள் வலை, நீந்தி வரும் மீனின் செவுள் சிக்கும்படி சுவர்போல் விரிக்கப்படுவது. அது எங்கே, எந்த வலைக்கண் அளவில், எவ்வளவு நேரம் கடலில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் தீங்கு அமைகிறது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் டோடோவாபா மீனுக்கும் இறாலுக்கும் விரித்த செவுள் வலைகளில் சிக்கியே வாக்கீட்டா என்ற சிறு கடற்பன்றி இனம் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது. இப்போது மிஞ்சியிருப்பவற்றை விரல்விட்டு எண்ணலாம்.

இழுவை மடிதான் மிகுந்த கவனத்துக்குரியது. உலகில் பிடித்தபின் பயனின்றிக் கடலில் வீசப்படும் உயிர்களின் அளவு ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் என்று உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி, அடிக்கடலில் இழுக்கப்படும் மடிகளிலிருந்து வருவது. இறாலுக்கான மடியின் கண்கள் சிறியவை. இறால் வாழும் இடத்தில் வாழும் எல்லாமே அதில் ஏறிவிடும். எல்லா இழுவை மடியும் ஒரே அளவில் கெட்டவை என்று சொல்லிவிட முடியாது. மணற்பாங்கான அடித்தளம் பவளப் பாறையைவிட விரைவில் தேறும். கடலாமை தப்பிச் செல்ல வழி அமைத்த மடிகளும் உண்டு. இருப்பினும், இழுவை மடியில் வந்த இறால் என்று தெரிந்து, கூடுதல் விவரம் எதுவும் கிடைக்காவிட்டால், வேறொன்றைக் கேட்பதே சரி. கூண்டு வைத்துப் பிடித்த நண்டும் இறாலும் இதைவிடப் பலமடங்கு மேலானவை.

ஐந்தாம் படி: எந்தக் கடல்

மேற்சொன்ன 2025 மதிப்பீட்டின்படி, வடகிழக்குப் பசிபிக் பகுதியில் 92.7 விழுக்காடு மீன்வளங்கள் தாங்கும் அளவில் பிடிக்கப்படுகின்றன. மத்தியதரைக் கடலும் கருங்கடலும் சேர்ந்த பகுதியில் 35.1 விழுக்காடு மட்டுமே. 'இறக்குமதி' என்றோ 'ஆழ்கடல் மீன்' என்றோ சொல்வது இடத்தைச் சொன்னதாகாது என்பதை இந்த இடைவெளியே காட்டுகிறது.

குளிர்கடல்களில் வாழும் காட் என்ற உணவு மீனின் வரலாறு இதற்கு நல்ல சான்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் நூற்றாண்டுகளாகப் பிடிக்கப்பட்ட காட் கூட்டம் சரிந்து, 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது; முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். இரண்டாண்டுகளுக்கென அறிவித்த தடை 2024 வரை நீண்டது. அதே காலத்தில், நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கிலுள்ள பேரண்ட்ஸ் கடலின் காட் கூட்டம் பெருகியிருந்தது. பட்டியலில் இரண்டுக்கும் பெயர் 'காட்'தான்.

ஆறாம் படி: வளர்ப்பு மீன் என்று சொன்னால்

2022-இல் முதன்முறையாக, நீர்வாழ் விலங்குகளின் வளர்ப்பு உற்பத்தி பிடிப்பை விஞ்சியது: வளர்ப்பு 9.44 கோடி டன், பிடிப்பு ஏறத்தாழ 9.1 கோடி டன். உங்கள் தட்டில் இருப்பது வளர்ப்பு மீனாக இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்கு மிகுதி. 'அட்லாண்டிக் சால்மன்' என்று கண்டால் அது வளர்ப்பு என்றே கொள்ளலாம். அலாஸ்கா சால்மன் என்றால் பண்ணையில் வளர்க்காமல் இயற்கை நீரில் பிடித்தது, ஏனெனில் அந்த மாநிலம் மீன் பண்ணைகளை 1990-இல் தடை செய்துவிட்டது.

வளர்ப்பு என்றாலே கடல் காப்பாற்றப்பட்டது என்று எண்ணுவது பிழை. வளர்ப்பு என்றாலே நஞ்சு என்பதும் பிழை. அது எதைத் தின்று வளர்ந்தது என்று கேளுங்கள். சால்மன் போன்ற ஊனுண்ணிகளின் தீவனத்தில் மீன்தூளும் மீனெண்ணெயும் சேர்கின்றன. அவை கடலில் பிடித்த சிறு மீன்களிலிருந்து பெருமளவு வருபவை. கெண்டை, திலேப்பியா போன்றவை பெரும்பாலும் தாவரத் தீவனத்திலேயே வளரக்கூடியவை. சிப்பி, மட்டி, ஆளி ஆகியவற்றுக்குத் தீவனமே தேவையில்லை. வளர்ந்த ஓர் ஆளி சாதகமான சூழலில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியைத் தின்கிறது. கயிற்றில் தொங்கவிட்டு வளர்த்த சிப்பி பட்டியலில் இருந்தால் நான் வேறெதையும் பார்ப்பதில்லை.

அடுத்து, எங்கே வளர்ந்தது என்பது. திறந்த கடற்கூண்டுகளிலிருந்து கழிவும் மருந்தும் ஒட்டுண்ணிகளும் தங்குதடையின்றி வெளியேறுகின்றன. மூடிய தொட்டிகளில் இவை கட்டுக்குள் இருக்கின்றன, மின்செலவு மட்டும் கூடுகிறது. இறால் குளங்களுக்காக அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்ட வரலாறு பல வெப்பமண்டல நாடுகளில் உண்டு. எனவே, 'வளர்ப்பு இறால்' என்ற பதிலோடு சான்றும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

விலாங்கு தனியாகச் சொல்லத் தக்கது. பண்ணை விலாங்கு என்று விற்கப்படுவது, கடலிலிருந்து ஆற்றுக்கு வரும் கண்ணாடி போன்ற குஞ்சுகளைப் பிடித்துக் கொழுக்க வைத்ததுதான். வணிக அளவில் முட்டையிலிருந்து வளர்த்தது அன்று. ஐரோப்பிய விலாங்கு மிகக் கடுமையான அழிவாபத்துப் பிரிவில் இருக்கிறது. இங்கே 'பண்ணை' என்ற சொல் எந்த ஆறுதலையும் தரக் கூடாது.

ஏழாம் படி: எந்தப் பதிலும் கிடைக்காதபோது

பெரும்பாலான மேசைகளில் இதுவே நேரும். அப்போது உயிரியலை நம்பலாம். சிறியது, விரைவில் முட்டையிடுவது, உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் வாழ்வது எதுவோ, அதற்குப் பொதுவாகத் தாங்குதிறன் அதிகம். சிப்பி, மட்டி வகைகள் முதலிடம் பெறும். பிறகு நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி. பிறகு ஓராண்டு அளவே வாழும் கணவாய் வகைகள். இதுவும் மாறாத விதியன்று: வடகிழக்கு அட்லாண்டிக்கில் பல நாடுகள் கூடி எடுத்த கானாங்கெளுத்தி அறிவியலாளர் பரிந்துரைத்த அளவை மீறியதால், 2019-இல் அதன் நிலைத்தகு மீன்பிடிப்புச் சான்றிதழே நிறுத்தி வைக்கப்பட்டது.

தவிர்க்க வேண்டியவற்றில் சுறாவையும் திருக்கையையும் முன்னிலையில் வைக்கிறேன். அவற்றின் இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழிவாபத்தில் இருப்பதாக 2021-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு கண்டது. குறைந்த குட்டிகள், தாமதமான பருவம் என்பதால் பிடித்ததை ஈடுசெய்ய அவற்றால் இயலுவதில்லை. பெரிய களவாய் மீன்களும் இதே வகை. பெரும்பாலான களவாய்கள் பெண்ணாகத் தொடங்கிப் பின்னர் ஆணாக மாறுபவை. பெரியவற்றையே தேர்ந்தெடுத்துப் பிடிக்கும்போது கூட்டத்தில் ஆண்கள் இல்லாமல் போகின்றன. கண்ணாடித் தொட்டியில் உயிரோடு நீந்தும் பவளப்பாறை மீன்களைக் காட்டி விற்கும் இடங்களில், சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் அந்த வணிகத்தில் பரவலாக இருந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சினை நண்டும் சினைச் சிங்கி இறாலும் சுவைக்காகப் புகழப்பட்டாலும், ஒன்றைத் தின்பது பல்லாயிரம் முட்டைகளைச் சேர்த்துத் தின்பதாகும்.

எட்டாம் படி: முத்திரைகளைப் படித்தல்

பிடித்த மீனுக்கு எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்ற சான்றளிப்பு அமைப்பின் நீல முத்திரையும் வளர்த்ததற்கு ஏ.எஸ்.சி. (அக்வாகல்ச்சர் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) அமைப்பின் பச்சை முத்திரையும் பரவலாகக் காணப்படுகின்றன. முன்னது 1997-இலும் பின்னது 2010-இலும் தொடங்கப்பட்டவை. உணவகம் தன் பட்டியலில் முத்திரையை அச்சிட வேண்டுமானால், அந்த உணவகமும் வாங்கல் சங்கிலிக்கான சான்று, அதாவது மீன் கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்க்கும் சான்று, பெற்றிருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய படமோ, மீன் வந்த பெட்டியின் மேலிருந்த முத்திரையோ அதற்கு ஈடாகாது. இச்சான்றுகளைச் சில இயற்கைப் பாதுகாப்பாளர்கள் மிகவும் தாராளமானவை என்று குறை கூறுவதுண்டு. மறுபுறம், சான்று பெறும் செலவைத் தாங்க முடியாத சிறு மீனவர்களின் மீன் முத்திரையின்றியே வரும். எனவே முத்திரை இருந்தால் அதனை ஒரு நல்ல சான்றாக ஏற்கலாம்; இல்லாததாலேயே ஒன்றை ஒதுக்கிவிடக் கூடாது.

ஒன்பதாம் படி: அளவும் நிலையும்

உறைந்த மீனைத் தாழ்வாக எண்ண வேண்டாம். பிடித்த சில மணி நேரத்தில் கப்பலிலேயே உறைய வைத்த மீன், பல நாள் பனிக்கட்டியில் கிடந்த 'புதிய' மீனைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். கப்பலில் மெதுவாக வந்து சேர முடிவதால், விமானத்தில் பறந்து வரும் மீனைவிட அதன் கரிமத் தடம் பலமடங்கு குறைவு. அளவைப் பொறுத்தவரை, பெரிய இனத்தின் குஞ்சு தட்டின் நீளத்துக்குச் சரியாக வந்திருந்தால் அது ஒருமுறைகூட முட்டையிடாமல் பிடிபட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். எல்லையின்றிப் பரிமாறும் கடலுணவு விருந்துகளில் மேற்சொன்ன எந்தக் கேள்விக்கும் இடமில்லை. அங்கே சிப்பியும் நெத்திலியும் இருந்தால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பத்தாம் படி: எழுந்து வரும் முன்

நல்ல பதில் கிடைத்திருந்தால், அந்தப் பதிலுக்காகவே அந்த மீனைக் கேட்டதாகப் பணம் செலுத்தும்போது சொல்லுங்கள். பதில் கிடைக்காமல் வேறொன்றை உண்டிருந்தால், காரணத்தை இரண்டு வரியில் எழுதி மேலாளரிடம் கொடுக்கலாம். எந்த மீனைக் கேட்க நினைத்தீர்கள், எந்த விவரம் இல்லாததால் விட்டீர்கள் என்பது அதில் இருக்கட்டும். மீனை வாங்குபவர் மறுநாள் தம் வழங்குநரிடம் பேசும்போது, 'வாடிக்கையாளர் கேட்கிறார்' என்ற ஒரு வரி அவருக்குப் பயன்படும். அதே உணவகத்துக்கு மீண்டும் செல்லும்போது அதே மீனைப் பற்றி அதே மூன்று கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். பதில் மாறியிருந்தால் உங்கள் குறிப்பிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.